விற்பனைக்கு வளர்க்கும் வீட்டுத் தோட்டத்தில் டிரம் வைத்த சொட்டுநீர் கிட்: வாங்கலாமா, எதை மாற்ற வேண்டும்?

வீட்டுச் சமையலுக்கு மட்டும் காய்கறி வளர்ப்பவருக்குச் சொட்டுநீர் கிட் ஒரு வசதி. பூவாளி தூக்கும் வேலை மிச்சம். விளைந்ததை வாரம் தவறாமல் சில குடும்பங்களுக்கு விற்பவர் அதை வேறு கண்ணால் பார்க்க வேண்டும். தோல் வெடித்த தக்காளியும் நுனி கறுத்த தக்காளியும் வளைந்த வெள்ளரியும் உள்ளே பஞ்சாகிப்போன முள்ளங்கியும் நம் அடுப்புக்குப் போதும். கூடையில் வைத்துக் காசு கேட்க முடியாது. இந்தக் குறைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: சில நாள் வறட்சி, பிறகு ஒரேயடியாகத் தண்ணீர். அதனால் இந்தக் கிட்டை எவ்வளவு தண்ணீர் மிச்சப்படுத்துகிறது என்று பார்த்து மதிப்பிடவில்லை. முதல் செடிக்கும் கடைசிச் செடிக்கும் ஒரே அளவு போகிறதா என்பதுதான் இங்கே அளவுகோல்.

மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது, உயரத்தில் வைத்த டிரம்மிலிருந்து மோட்டார் இல்லாமல் தானாக இறங்கும் வகை. பெட்டிக்குள் வழக்கமாக 16 மி.மீ. கறுப்புக் குழாய் (லேட்டரல்), ஒரு கைப்பிடி டிரிப்பர்கள் (துளித்துளியாகத் தண்ணீர் விடும் சிறு முனைகள்), கொஞ்சம் மைக்ரோ டியூப் (மெல்லிய கிளைக்குழாய்), துளை போடும் பஞ்ச், குழாயின் கடைசி நுனியை மூடும் எண்ட் கேப்கள், ஒரு சின்ன ஃபில்டர், ஒரே ஒரு வால்வு இருக்கும். டிரம்மும் அதைத் தாங்கும் மேடையும் உங்கள் பொறுப்பு. குழாயில் பொதுவாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெயில் தாங்கும் கறுப்புப் பாலிஎத்திலீன் என்றால் பல பருவம் உழைக்கும். குறை வருவது டிரிப்பர், ஃபில்டர், வால்வு ஆகிய மூன்றில்தான்.

முதலில் அழுத்தக் கணக்கு. இது புரியாமல் வாங்குபவர்கள்தான் "கிட் சரியில்லை" என்று மூலையில் போடுகிறார்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். 1 மீட்டர் உயரம் 0.1 பார். டிரிப்பர் மீது "மணிக்கு 4 லிட்டர்" என்று அச்சிட்டிருப்பது 1 பாரில் கிடைக்கும் அளவு. சாதாரண டிரிப்பரில் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிப் போகும். ஆகவே 1 மீட்டர் உயரத்தில் அதே டிரிப்பர் மணிக்குச் சுமார் 1.26 லிட்டர்தான் விடும், 2 மீட்டரில் 1.8 லிட்டர். இதைக் கிட்டின் பழுதாக எண்ண வேண்டாம். நேரத்தைக் கூட்டினால் போதும்.

"பிரஷர் காம்பன்சேட்டிங்" என்று எழுதிய டிரிப்பர்கள் விலை கூடுதலாக இருப்பதால் அவையே நல்லவை என்று பலர் தேடி வாங்குகிறார்கள். மோட்டார் அழுத்தத்தில் அவை மிகச் சிறந்தவை. உள்ளே இருக்கும் ரப்பர் தகடு ஒழுங்காக வேலை செய்யப் பொதுவாக அரை பார் அளவுக்காவது அழுத்தம் வேண்டும். டிரம் வைத்த அமைப்பில் அது கிடைக்காது. சில துளி விடும், சில விடாது. இதற்கு நேர் எதிர்க் கோடியில், தலையைத் திருகி அளவு மாற்றும் சிவப்பு மூடி டிரிப்பர்கள் பல கிட்களில் நிரப்பப்பட்டிருக்கும். எங்கள் மதிப்பில் பெட்டியின் மிக மோசமான பாகம் இதுதான். இருக்கும் அழுத்தமே கொஞ்சம். ஒன்றைத் திறந்தால் அடுத்தவற்றுக்கு ஓட்டம் குறையும். அதைச் சரிசெய்ய இன்னொன்றைத் திருக, பாத்தி முழுக்கச் சீர் கெடும். டிரம்முக்கு ஏற்றது குழாயின் உள்ளேயே 30 செ.மீ. இடைவெளியில் டிரிப்பர் பொருத்தி வரும் சாதாரண 'இன்லைன்' குழாய். கிட்டில் அது இல்லையென்றால் தனியாக வாங்கிப் போடுங்கள்.

4 மி.மீ. உட்துளை கொண்ட மெல்லிய குழாயையே மெயினாக ஓட்டும் கிட்களும் உண்டு. அவை அழுத்தமுள்ள குழாயில் மாட்டிச் சில தொட்டிகளுக்கு விடுவதற்கானவை. டிரம்மில் இணைத்து நீளமாக ஓட்டினால் தண்ணீர் பாதி வழியிலேயே களைத்துவிடும்.

ஒரு பாத்திக்கான கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1.2 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளம் என்றால் 3.6 சதுர மீட்டர். வெயில் நாளில் வளர்ந்த பயிர் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 5 லிட்டர் கேட்கும் என்று வைத்தால், நாளுக்கு 18 லிட்டர். பாத்தியில் 40 செ.மீ. இடைவெளியில் மூன்று இன்லைன் குழாய். ஒவ்வொன்றிலும் 10 டிரிப்பர், மொத்தம் 30. மணிக்கு 2 லிட்டர் என அச்சிட்ட டிரிப்பர், சராசரியாக 1.5 மீட்டர் உயரத் தண்ணீரில் 0.77 லிட்டர் விடும். முப்பதும் சேர்ந்து மணிக்கு 23 லிட்டர். ஆக 47 நிமிடம் திறந்து வைத்தால் அன்றைய தேவை தீர்ந்தது. இப்படி நான்கு பாத்தி இருந்தால் நாளுக்கு 72 லிட்டர், 200 லிட்டர் டிரம் மூன்று நாளைக்கும் வராது. ஊருக்குப் போகும் திட்டமிருந்தால் இந்தக் கணக்கை முன்பே போட்டுவிடுங்கள்.

டிரம் காலியாகக் காலியாக ஓட்டமும் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 1 மீட்டர் மேடையில் 90 செ.மீ. உயர டிரம் நிறைந்திருக்கும்போது 1.9 மீட்டர் அழுத்த உயரம்; அடியில் கொஞ்சமே மிஞ்சும்போது 1 மீட்டர். ஓட்டம் கால் பங்குக்கு மேல் விழுந்துவிடும். ஒவ்வொரு நாளும் டிரம்மை ஒரே மட்டத்துக்கு நிரப்பிவிட்டுத் திறந்தால் நிமிடக் கணக்கு மாறாது. மேடை விஷயத்தில் சிக்கனம் கூடாது. நிறைந்த டிரம் 200 கிலோவுக்கு மேல். அடுக்கி வைத்த செங்கல் மீதும் ஆடும் மேசை மீதும் அதை ஏற்றவே கூடாது, குழந்தைகள் ஓடும் தோட்டத்தில் அறவே கூடாது.

டிரம்மில் வெளிச்சம் நுழைந்தால் பாசி பிடிக்கும், பாசி உதிர்ந்து டிரிப்பரை அடைக்கும். ஆகவே நீல நிறமாக இருந்தாலும் கறுப்பு வண்ணம் பூசுங்கள், அல்லது துணி சுற்றுங்கள். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் வலை ஒட்டிய சிறு காற்றுத் துளை ஒன்று கட்டாயம். காற்று உள்ளே போக வழியில்லாவிட்டால் வெற்றிடம் உண்டாகி ஓட்டம் மெல்ல மெல்ல நின்றுவிடும்; ஃபில்டர் அடைத்துவிட்டது என்று எண்ணி அதைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். வெளியேறும் குழாயை அடியிலிருந்து 5 செ.மீ. மேலே பொருத்தினால் வண்டல் டிரம்மிலேயே தங்கும். அங்கிருந்து பாத்தி வரை குழாய் இறக்கமாகவே போக வேண்டும். நடுவில் ஒரு மேடு வளைவு இருந்தால் காற்று அங்கே சிக்கிக்கொள்ளும்.

ஃபில்டருக்கு வருவோம். கிட்டில் வரும் விரல் நீளச் சல்லடை, சுத்தமான தண்ணீருக்கே சில நாளில் திணறும். அழுத்தம் மொத்தமே 0.15 பார் என்னும்போது அழுக்கேறிய ஃபில்டர் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். முக்கால் அங்குல, 120 மெஷ் திரை ஃபில்டர் ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்துங்கள். 120 மெஷ் என்றால் சல்லடைக் கண்ணின் அளவு ஏறத்தாழ 130 மைக்ரான் (0.13 மி.மீ.). டிரிப்பரின் உள்வழி அகலத்தில் பத்தில் ஒரு பங்கைவிடப் பெரிய துகள் உள்ளே போகக்கூடாது என்பது பொதுவான விதி, பெரும்பாலான டிரிப்பர்களுக்கு இந்த மெஷ் பொருந்தும். வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். கழுவும்போது டிரம் வால்வை மூடிவிட்டுக் கழற்றுங்கள். இல்லையென்றால் அழுக்கு நேரே குழாய்க்குள் இறங்கும்.

அடுத்தது வால்வு. விற்பனைக்கு வளர்ப்பவருக்கும் இந்தக் கிட்டுக்கும் உள்ள பெரிய பொருத்தமின்மை இங்கேதான். வாரந்தோறும் முள்ளங்கியும் கீரையும் தர வேண்டுமென்றால் ஒரே நாளில் விதைக்க முடியாது. ஒன்று, இரண்டு வார இடைவெளியில் பகுதி பகுதியாக விதைத்தாக வேண்டும். அப்போது ஒரு பாத்தியில் நாற்று, அடுத்ததில் பாதி வளர்ந்த செடி, மூன்றாவதில் அறுவடை. மூன்றுக்கும் ஒரே அளவு நேரம் தண்ணீர் விட்டால் ஒன்று அழுகும், ஒன்று வாடும். ஒரு வால்வு போட்டு அனுப்பும் கிட் தோட்டம் முழுவதும் ஒரே வயதுப் பயிர் என்று எண்ணிக்கொண்டு செய்தது. ஒவ்வொரு பாத்தியின் தலைப்பிலும் ஒரு 16 மி.மீ. மினி வால்வு வையுங்கள். மிகச் சிறிய செலவில் மிகப் பெரிய பலன் தரும் மாற்றம் இது.

பேட்டரி டைமர் சேர்க்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சோலனாய்டு (மின்காந்த வால்வு) வகை டைமர் திறக்கக் குழாயில் அழுத்தம் வேண்டும். டிரம்மில் மாட்டினால் டிக் என்று சத்தம் வரும், தண்ணீர் வராது. உள்ளே பந்து வால்வைச் சுழற்றித் திறக்கும் வகைதான் அழுத்தமே இல்லாவிட்டாலும் வேலை செய்யும். பெட்டியில் "0 பார்" முதல் இயங்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பொருத்துவது கடினமில்லை. சுருளாக வந்த குழாயை வெயிலில் விரித்து ஒரு மணி நேரம் விட்டால் நேராகும். வெட்டும் முனை சாய்வில்லாமல் இருக்கட்டும். இணைப்பி நுழையாவிட்டால் குழாய் நுனியைச் சுடுநீரில் சில நொடி முக்குங்கள். எண்ணெயோ கிரீஸோ தடவினால் பிறகு தானே வழுகிக் கழன்றுவிடும். டிரிப்பர் துளை மேல்நோக்கி இருக்கும்படி குழாயைக் கிடத்தினால் அடியில் படியும் மண் உள்ளே போகாது. வெயிலில் குழாய் நீளும், இரவில் சுருங்கும்; இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தளர விட்டு முளைக்கொக்கியால் பிடித்து வையுங்கள். சரிவான நிலத்தில் குழாய்களைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்ட வேண்டும். 1.5 மீட்டர் அழுத்த உயரத்தில், 30 செ.மீ. மேட்டில் இருக்கும் டிரிப்பர் மற்றதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவாக விடும்.

எல்லாம் முடிந்ததும் எண்ட் கேப்களைத் திறந்து தண்ணீரைப் பாயவிட்டுத் துளை போட்ட தூசியை வெளியேற்றுங்கள். பிறகு ஒரு சோதனை. இதைச் செய்யாமல் கிட் நல்லதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. பாத்தியின் தலை, நடு, கடைசி என்று 12 டிரிப்பர்களின் கீழே ஒரே மாதிரிக் கிண்ணங்களைப் பதித்து, சரியாக 6 நிமிடம் விடுங்கள். விழுந்த மில்லிலிட்டரை 100-ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். பன்னிரண்டின் சராசரியை எடுங்கள். மிகக் குறைந்த மூன்றின் சராசரியைத் தனியாக எடுத்து, மொத்தச் சராசரியால் வகுங்கள். மொத்தச் சராசரி 77 மில்லி, குறைந்த மூன்றின் சராசரி 70 என்றால் 91 சதவீதம், மிக நன்று. 80-க்குக் கீழே போனால் எங்கோ கோளாறு. கடைசியை நோக்கிப் படிப்படியாகக் குறைந்தால் குழாய் நீளம் கூடிவிட்டது, அல்லது நிலம் ஏறுகிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்தால் அடைப்பு. எல்லாமே குறைந்தால் ஃபில்டரையும் டிரம்மின் காற்றுத் துளையையும் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாக இருந்தால் அதன் துளை தளர்ந்திருக்கிறது. மாதம் ஒருமுறை இதே கிண்ணங்களோடு இதைத் திரும்பச் செய்தால் காய் சிறுத்து வருவதற்கு முன்பே அடைப்பு தெரிந்துவிடும்.

அடைப்பு இரண்டு வகை. விரலில் வழுவழுப்பாகப் பிசுபிசுத்தால் பாசியும் நுண்ணுயிரும். வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் கடின நீரின் சுண்ணாம்புப் படிவு. சுண்ணாம்புக்குக் கழற்றக்கூடிய டிரிப்பர்களை வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ ஓரிரவு ஊறவைத்துக் கழுவினால் போதும். பாசிக்கு ப்ளீச் பயன்படுத்துபவர்கள் அமிலத்தோடு அதை ஒருபோதும் சேர்க்கக்கூடாது. நச்சு வாயுவான குளோரின் கிளம்பும். உரத்தைத் தண்ணீரோடு விடுவதிலும் எச்சரிக்கை தேவை. கால்சியம் நைட்ரேட்டையும் பாஸ்பேட் அல்லது சல்ஃபேட் உரத்தையும் ஒரே டிரம்மில் கரைத்தால் கரையாத வண்டலாகித் தங்கிவிடும். மட்கு ஊறவைத்த நீர், நொதித்த திரவ உரங்கள் ஆகியவற்றை எத்தனை முறை வடிகட்டினாலும் இந்தக் குழாயில் விடாதீர்கள். அவற்றைப் பூவாளியில் எடுத்துச் செடியின் அடியில் ஊற்றுவதே நல்லது. எந்த உரம் விட்டாலும் பின்னால் கால் மணி நேரம் வெறும் தண்ணீர் ஓட வேண்டும்.

பயிர்வாரியாகப் பார்த்தால் இந்தக் கிட் எல்லோருக்கும் ஒரே மாதிரி உதவுவதில்லை. தக்காளிக்கு மிகப் பொருத்தம். வேர் மண்டலத்தில் ஈரம் சீராக இருந்தால் கால்சியம் காய் நுனி வரை போய்ச் சேரும், நுனிக் கறுப்பு குறையும். இலை நனையாததால் மண்ணிலிருந்து தெறித்து ஏறும் இலைக்கருகல் நோயும் குறையும். மழை அடித்து வரும் வெடிப்பை மட்டும் எந்தக் குழாயும் தடுக்காது. வெள்ளரியிலும் பலன் கண்கூடு; தண்ணீர்த் தட்டுப்பாட்டில்தான் காய் வளைவதும் கசப்பேறுவதும் அதிகம். மிளகாயும் கத்தரியும் நன்றாகவே ஒத்துப்போகும்.

கீரையில்தான் தடுமாற்றம். நெருக்கமாகத் தூவி விதைத்த பாத்தியில் 30 செ.மீ. இடைவெளி டிரிப்பர் வட்ட வட்டமாக நனைக்கும், நடுவில் முளைக்காத திட்டுகள் நிற்கும். மணற்பாங்கான மண்ணில் ஈரம் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே இறங்குவதால் இது இன்னும் மோசம். அங்கே 20 செ.மீ. இடைவெளிக் குழாய் வேண்டும். முளைத்து வரும் வரை பூவாளி, பிறகு சொட்டுநீர் என்பதே நடைமுறை. முளைத்த பிறகு கீரை விற்பவருக்கு இது தரும் நன்மை பெரிது. இலையில் மண் தெறிக்காது, கழுவும் வேலை குறையும், ஈரமில்லாமல் கட்டிய கட்டு சீக்கிரம் அழுகாது. பச்சையாகச் சாப்பிடும் இலைகளில் பாசனத் தண்ணீர் படாமலிருப்பது வாங்குபவரின் உடல்நலத்துக்கும் பாதுகாப்பு. அதற்காக அசுத்தத் தண்ணீரை டிரம்மில் நிரப்பலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குறையையும் சொல்ல வேண்டும். மேலிருந்து தெளிக்கும்போது கழுவுண்டு போகும் சிவப்புச் சிலந்திப்பேன் சொட்டுநீர்ப் பாத்தியில் நிம்மதியாகப் பெருகும். வறண்ட நாட்களில் இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை பார்த்து, காலையில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். வைக்கோல் மூடாக்கு ஈரத்தைக் காக்கும், கசிவையும் மறைக்கும். களைக்கொத்து குழாயை வெட்டும். வெயில் காலத்தில் அணிலும் எலியும் தண்ணீருக்காகக் கடிக்கும். பாத்தி ஓரத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தால் கடி ஓரளவு குறைகிறது.

விற்பனை நாளை ஒட்டி நிமிடக் கணக்கை மாற்றிக்கொள்ள முடிவது இந்த அமைப்பின் தனிச் சிறப்பு, பாத்திக்கொரு வால்வு இருந்தால் மட்டும். கீரைப் பாத்திக்கு முந்தைய மாலை முழு நேரம் விட்டு, விடிகாலையில் வெயில் ஏறுமுன் அறுத்தால் இலை விறைப்பாக இருக்கும், கட்டு பகல் முழுதும் தளராது. தக்காளிக்கு நேர்மாறு. பறிப்பதற்கு முன் கூடுதலாக விட்டால் சுவை நீர்த்துப்போகும், பழுத்த காய் வெடிக்கும். வழக்கமான அளவே போதும், பறித்த பிறகு விட்டாலும் சரி. முள்ளங்கிக்குக் கடைசி வாரத்தில் ஒரு நாள் கூட இடைவெளி விழக்கூடாது.

நான்கைந்து தொட்டி மட்டும் வைத்திருப்பவருக்கும், அரை ஏக்கர் அளவுக்குப் போகிறவருக்கும் டிரம் கிட் வேண்டாம். முன்னவருக்குப் பூவாளியே சீராக நனைக்கும்; பின்னவருக்கு மோட்டார் அழுத்தமும் பெரிய மெயின் குழாயும் வேண்டும். இரண்டு முதல் ஆறு பாத்தி வரை வைத்து வாரம் ஒருமுறை விற்பவருக்கு இது சரியான அளவு. வாங்கும்போதே 120 மெஷ் ஃபில்டர், பாத்திக்கொரு மினி வால்வு, இன்லைன் குழாய், பத்து இணைப்பிகள், தவறாகப் போட்ட துளையை அடைக்கும் பத்து அடைப்பான்கள், இரண்டு உபரி எண்ட் கேப் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். இணைப்பியின் பல் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு கொஞ்சம் மாறும். பிறகு வேறு இடத்தில் வாங்கினால் 16 மி.மீ. என்றே எழுதியிருந்தும் தளர்ந்து கசியும். ஒரு துண்டுக் குழாயைக் கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.